கறுப்புச் சட்டையும் நான்கு கேள்விகளும்



சில திங்களுக்கு முன்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை இரண்டாம் திருப்பலி முடிந்து, திருவுடைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தேன். தியாகராயநகரில் வாழும் நம் பங்குத் தாய் ஒருவர் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு துணிப்பை. "சாமி, இதைச் சற்றுப் பாருங்கள்" என்று கூறி, பையிலிருந்து ஒரு கறுப்புச் சட்டையை எடுத்து மேசைமேல் விரித்தார். சட்டையின் மார்பில் பல்லை இளித்துக்கொண்டு ஓர் எலும்புக்கூடு. அதற்கு மேல், வெட்டுக்கத்தியால் செதுக்கியது போன்ற எழுத்துகளில் ஓர் ஆங்கிலப் பெயர்.

"என் மகனுடையது, சாமி. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறான். வீட்டில் வாய் திறப்பதில்லை. சாப்பிட்டதும் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறான். உள்ளே ஒரே இரைச்சல். மாதத்தில் கடைசி ஞாயிறு மாலை அடையாறில் யார் வீட்டு மொட்டைமாடிக்கோ போகிறானாம். அங்கே எல்லோருக்கும் இதே சட்டைதானாம். இது பிசாசு வழிபாடு என்று பக்கத்து வீட்டு அம்மாள் சொல்கிறார். இந்தச் சட்டையை மந்திரித்துத் தாருங்கள். இல்லையேல் எரித்துவிடு என்றாவது ஒரு வார்த்தை சொல்லுங்கள்."

எரிக்கச் சொல்வது எளிது. நெருப்புக்குச் செலவு கிடையாது. ஆயினும் யாரென்று அறியாத ஒருவருடைய சட்டையை எரிக்க எனக்கு மனம் வரவில்லை. "அம்மா, சட்டையை அவனது அலமாரியிலேயே வைத்துவிடுங்கள். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்" என்றேன். அவர் அரை மனத்தோடு போனார்.

நம் ஊரில் கறுப்புச் சட்டை புதிதன்று. பெரியார் வழி நிற்போர் அதை அணிகின்றனர். கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்கு மாலையிட்டவர்களும் கறுப்பு உடுத்துகின்றனர். கடவுள் இல்லை என்பவரும் கடவுளைத் தேடி மலையேறுபவரும் ஒரே நிறத்தில் ஒரே பேருந்தில் நிற்பதை மயிலாப்பூரில் நான் பலமுறை கண்டிருக்கிறேன். மேல்நாட்டில் என்னைப் போன்ற குருக்களின் அங்கியும் கறுப்புத்தான். ஆகவே நிறத்தை மட்டும் கண்டு ஆளை எடைபோட நமக்கு உரிமையில்லை.

அடையாறு வீட்டுக்காரரின் தொலைபேசி எண்ணைத் தேடிப் பெற்று, நான் வரலாமா என்று கேட்டேன். "தாராளமாக வாருங்கள், ஃபாதர். ஆனால் எங்களிடம் ஒரே ஒரு விதி உண்டு. புதிதாக வருகிறவர் எவராயினும் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். பழையவர்களும் அவருக்காக மறுபடி தங்களை அறிமுகப்படுத்திக்கொள்வார்கள்" என்றார். இந்தப் பையனிடமும் நான் வரவிருப்பதை முன்னதாகவே சொல்லிவிடுமாறு கேட்டுக்கொண்டேன். உளவு பார்க்கப் போவது ஒரு குருவுக்கு அழகன்று.

கடைசி ஞாயிறு மாலை. மொட்டைமாடியில் பதினான்கு பேர். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு பாய், பழைய ஒலிபெருக்கிகள் இரண்டு, ஒரு தட்டு நிறையச் சமோசா, பிளாஸ்கில் காப்பி. இருபது வயதினர் நால்வர். ஏனையோர் நாற்பதும் ஐம்பதும் கடந்தவர்கள். சிலருக்குத் தலை நரைத்துவிட்டது, சிலருக்கு நரைக்கவும் மயிர் இல்லை. நம் பையன் ஓர் ஓரத்தில் அமர்ந்திருந்தான். அவனுக்கு அது மூன்றாவது கூட்டமாம். முந்திய இரண்டிலும், "பிறகு சொல்கிறேன்" என்று தன் அறிமுகத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறான். எவரும் அவனை நெருக்கவில்லை.

அவர்களுடைய இசைக்கு 'ஹெவி மெட்டல்' என்று பெயர். கனத்த உலோகம் என்று பொருள் கொள்ளலாம். மின்கிதாரின் ஒலியை வேண்டுமென்றே கரகரக்கச் செய்து, இடிபோன்ற முரசொலியோடு, உச்சக் குரலிலோ உறுமல் குரலிலோ பாடுவது அதன் இலக்கணம். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத் தொழிற்சாலைப் பகுதியில் பிறந்த 'பிளாக் சாபத்' என்னும் நால்வர் குழு 1970-இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டையே பலரும் இதன் தொடக்கமாகக் கொள்கின்றனர்.

அறிமுகம் தொடங்கிற்று. ஒவ்வொருவரும் நான்கு செய்திகளைச் சொல்ல வேண்டும்: பெயர், கேட்கத் தொடங்கிய ஆண்டு, முதலில் கேட்ட பாட்டு, அதைத் தந்தவர் யார்.

முதலில் பேசியவர் மயிலாப்பூர்க்காரர், பொறியாளர். "1986. என் அத்திம்பேர் வளைகுடாவிலிருந்து ஒரு கேசட் கொண்டுவந்தார். அயர்ன் மெய்டன். திருப்பித் தரவேண்டும் என்றார். படியெடுக்க வெற்று நாடா வாங்கப் பணமில்லை. அப்பா வானொலியிலிருந்து பதிவு செய்து வைத்திருந்த கச்சேரி ஒன்றின்மேல் பதிந்துவிட்டேன். மறுநாள் காலை அப்பா கல்யாணி ராக ஆலாபனை கேட்கலாம் என்று பொத்தானை அழுத்தினார்." கூட்டம் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். "அப்பா ஒரு வாரம் பேசவில்லை. எட்டாம் நாள், 'அந்தக் கிதார்க்காரனுக்கு விரல் சுத்தமாக இருக்கிறதடா' என்றார். அதுதான் எனக்குக் கிடைத்த அங்கீகாரம்." 2007-ஆம் ஆண்டு மார்ச்சு 17 அன்று பெங்களூர் அரண்மனைத் திடலில் அயர்ன் மெய்டன் இசைத்தபோது, இருபத்தோராண்டுக் காத்திருப்பு முடிந்ததென்று அழுதாராம். அவர் இதைச் சொன்ன விதம், 1928-இல் தோன்றிய நம் மியூசிக் அகாதெமியின் மார்கழிக் கச்சேரிகளுக்கு எத்தனை ஆண்டுகளாகத் தவறாமல் போகிறோம் என்று கணக்குச் சொல்லும் பெரியவர்களின் பேச்சை எனக்கு நினைவூட்டிற்று. பாட்டு வேறு, பக்தி ஒன்றே.

அடுத்தவர் ஒரு பெண்மணி, வங்கி அதிகாரி. கிண்டி ஐ.ஐ.டி.யின் திறந்தவெளி அரங்கில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தம் முதல் நிகழ்ச்சியைக் கேட்டவர். அந்த மாணவர் கலைவிழா 1974-இல் 'மார்டி கிரா' என்னும் பெயரில் தொடங்கி, 1996-இல் 'சாரங்' எனப் பெயர் மாறியது. (சாம்பல் புதனுக்கு முந்திய செவ்வாய்க்குரிய பெயர்தான் அந்த மார்டி கிரா என்று நான் சொன்னபோது அங்கிருந்தோர் வியந்தனர்.) "வரிசையில் நான் ஒருத்திதான் பெண். பயந்தேன். பக்கத்திலிருந்த பையன்கள் ஒன்றும் பேசாமல் ஒரு வட்டம் போல் நின்று எனக்கு இடம் ஒதுக்கினார்கள். முதல் பாட்டைத் தந்தவர் யார் என்றால், அந்தப் பெயர் தெரியாத பையன்களைத்தான் சொல்வேன்." 2009-இல் ஸ்வீடன் நாட்டு ஓப்பெத் குழு அதே அரங்கில் இசைத்தபோது, கணவரையும் அழைத்துச் சென்றாராம்.

மூன்றாமவர் சைதாப்பேட்டையிலிருந்து வந்தவர். கிண்டி தொழிற்பேட்டையில் லேத் பட்டறைத் தொழிலாளி. ஆங்கிலம் அதிகம் பேசார். "எனக்கு வார்த்தை பாதி புரியாது, ஃபாதர். ஆனால் அந்தச் சத்தம் புரியும். நாள் முழுக்கப் பட்டறையில் அதே சத்தம்தான். அங்கே அது தாறுமாறாக இருக்கும். இங்கே ஒழுங்காக இருக்கும்." பிளாக் சாபத்தின் கிதார்க் கலைஞர் டோனி அயோமியின் கதையை அவரே எனக்குச் சொன்னார். அயோமி பதினேழு வயதில் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்தார். வேலையை விட்டு விலகவிருந்த கடைசி நாளில், இயந்திரத்தில் சிக்கி வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்தார். அவர் இடக்கைப் பழக்கமுள்ளவர். தந்திகளை அழுத்த வேண்டியதோ அந்த வலக்கை. இனிக் கிதார் இல்லை என்று மருத்துவர்கள் கூறிவிட்டனர். அப்போது தொழிற்சாலை மேலாளர், ஜாங்கோ ரைன்ஹார்ட் என்பவரின் இசைத்தட்டு ஒன்றைக் கேட்கச் செய்தார். தீ விபத்தில் கை கருகி, இரண்டே விரல்களால் தந்திகளை அழுத்தி உலகப் புகழ் பெற்ற கலைஞர் அவர். அயோமி பிளாஸ்டிக் குப்பியை உருக்கி விரலுறை செய்துகொண்டார். மெல்லிய தந்திகளைத் தேடினார். பின்னர் விரல் வலி குறையத் தந்திகளைத் தளர்த்தினார், சுருதி தாழ்ந்தது. அந்தத் தாழ்ந்த, கனத்த ஒலியே இன்று இந்த இசை முழுவதற்கும் அடையாளமாயிற்று. "ஊனத்திலிருந்து பிறந்த சத்தம், ஃபாதர்" என்றார் அந்தத் தொழிலாளி. 2025 ஜூலை 5 அன்று பர்மிங்காமில் அக்குழுவின் இறுதி நிகழ்ச்சி நடைபெற்றது. பாடகர் ஆசி ஆஸ்போர்ன் நிற்க இயலாமல் அரியணையில் அமர்ந்தபடியே பாடினார். பதினேழு நாள் கழித்து, ஜூலை 22-இல் காலமானார். அந்த வாரம் பட்டறையில் தம்முடைய இயந்திரத்தில் ஒரு நிமிடம் கையை வைத்து நின்றதாக இவர் கூறினார்.

நான்காமவர் சொன்னது என்னைச் சுட்டது. அவர் சாந்தோம் பக்கத்தவர், நம்மவர். "பாடகர் குழுவில் கிதார் வாசித்துக்கொண்டிருந்தேன். 1994. வயது பதினாறு. ஒருநாள் மெட்டாலிகா படம் போட்ட சட்டையோடு ஒத்திகைக்குப் போனேன். பங்குச் சாமியார் எல்லோர் முன்னிலையிலும், 'சட்டையைக் கழற்றிவிட்டு வா, இல்லையேல் வராதே' என்றார். வராதே என்பதையே எடுத்துக்கொண்டேன்." கசப்பில்லாமல், ஒரு பழைய முகவரியைச் சொல்வதுபோல் சொன்னார். அந்தக் குரு நானல்லேன். 1994-இல் நான் குருமடத்து மாணவன். ஆயினும் அது நானாகவே இருந்திருக்கலாம் என்பதை அந்த மாடியில் மறுக்க முடியவில்லை.

இடையில் ஓர் இளைஞர் மகிழ்ச்சி மிகுதியால் சுட்டுவிரலையும் சுண்டுவிரலையும் கொம்புபோல் உயர்த்தினார். என் முகம் மாறியதை வங்கி அதிகாரி கவனித்துவிட்டார். "பயப்படாதீர்கள், ஃபாதர்" என்று விளக்கினார். இந்தச் சைகையைப் பரப்பியவர் ரானி ஜேம்ஸ் டியோ என்னும் பாடகர். இத்தாலிய வம்சாவளியினர், கத்தோலிக்கராக வளர்க்கப்பட்டவர், 2010-இல் மறைந்தவர். கண்ணேறு படாமலிருக்கத் தம் பாட்டி காட்டும் சைகை அது என்று அவரே கூறியிருக்கிறார். அதாவது, புது வீட்டு வாசலில் நாம் பூசணிக்காய் கட்டுவதைப் போன்றதுதான். பிசாசை அழைக்கும் சைகை என்று நாம் அஞ்சியது, தீமையை விரட்டுவதற்கு ஒரு பாட்டி கற்றுக்கொடுத்தது!

பின்னர் என் முறை வந்தது. குருமடத்தில் ஒன்பதாண்டு படித்தவன். மேடையில் பேச அஞ்சாதவன். அங்கே நா எழவில்லை. முதலில் கேட்ட பாட்டு எது? தந்தவர் யார்? இதுவரை எவரும் என்னிடம் இக்கேள்வியைக் கேட்டதில்லை. சற்று யோசித்துச் சொன்னேன்: "எழுபதுகளின் இறுதி. எங்கள் ஊர்க் கோவில். பெரிய வெள்ளி இரவு. சிலுவையிலிருந்து இறக்கிய ஆண்டவரின் சுரூபத்தருகே பெண்கள் அமர்ந்து மாரடித்துப் பாடிய ஒப்பாரி. தந்தவர் என் பாட்டி." லேத் தொழிலாளி உடனே, "அது எங்கள் கட்சிதான், ஃபாதர்!" என்றார். மாடியே அதிர்ந்தது. இன்றும் எண்ணிப் பார்க்கிறேன்; அவர் சொன்னது வேடிக்கை மட்டுமன்று. திருப்பாடல் நூலைப் புரட்டிப் பாருங்கள். அதில் மகிழ்ச்சிப் பாடல்கள் மட்டுமா உள்ளன? எண்பத்தெட்டாம் திருப்பாடல் ஆறுதலின் ஒரு சொல்லுமின்றி இருளிலேயே முடிகின்றது. திருச்சபை அதை நீக்கிவிடவில்லை. ஒவ்வொரு வெள்ளி இரவும் குருக்களும் துறவியரும் அதைச் செபிக்கிறோம். துயரத்துக்கும் ஒரு குரல் வேண்டும் என்று நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

நான் அமர்ந்ததும் ஒரு சிறு மௌனம். பிறகு ஓரத்திலிருந்து நம் பையன் எழுந்தான். என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துப் பேசினான்.

"சென்ற ஆண்டுக்கு முந்திய ஆண்டு. அயர்ன் மெய்டனின் 1982 இசைத்தட்டில் கடைசிப் பாட்டு. தந்தது எங்கள் அப்பா. கல்லூரியில் கேட்டாராம். மருத்துவமனையில் கடைசி வாரத்தில் என் கைப்பேசியில் அதைப் போடச் சொன்னார். காதில் ஆளுக்கு ஒரு பக்கம் வைத்துக்கொண்டு கேட்டோம். அவர் போன பிறகு வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது. அம்மா கேட்டால் அழுவார்கள் என்று கதவைச் சாத்திக்கொள்கிறேன். இந்தச் சட்டை அப்பாவுக்கு வாங்கினது. போடவில்லை."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டான். எவரும் அவனைத் தேற்றப் பாய்ந்து வரவில்லை. பொறியாளர் மட்டும், "அப்பா நல்ல பாட்டாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்" என்றார். வங்கி அதிகாரி சமோசாத் தட்டை அவன் பக்கம் நகர்த்தினார். பிறகு அந்தப் பாட்டைப் போட்டனர்.

அந்தப் பாட்டு எதைப் பற்றியது தெரியுமா? தூக்குமேடைக்குப் போகவிருக்கும் கைதி ஒருவன், விடியற்காலை மணியோசை கேட்டு, தன் வாழ்வையும் சாவையும் எண்ணிப் பார்க்கிறான், குருவானவரும் வருகிறார். அதன் தலைப்போ, நம் ஆண்டவர் கற்பித்த செபத்தின் முதல் வேண்டல்! இசைத்தட்டின் பெயர் மட்டும் திருவெளிப்பாட்டின் பதின்மூன்றாம் அதிகாரத்திலுள்ள விலங்கின் எண்ணைக் குறிப்பது. அந்தப் பெயரைக் கண்டே அமெரிக்காவில் சிலர் இசைத்தட்டுகளைத் தெருவில் குவித்துக் கொளுத்தினர். கொளுத்தியவர்கள் கடைசிப் பாட்டு வரை கேட்டிருந்தால்?

குடும்பத்தாரே, என் குற்றத்தை மறைக்க விரும்பவில்லை. அந்தப் பையனின் தந்தைக்கு நோயில்பூசுதல் அளித்தவன் நான். அடக்கத் திருப்பலி நிறைவேற்றியவனும் நான். முப்பதாம் நாள் பூசையும் செய்தேன். அவன் தாயிடம் பலமுறை பேசினேன். அவன் தோளைத் தட்டி, "அம்மாவைப் பார்த்துக்கொள், தைரியமாக இரு" என்று சொன்னேன். ஆனால் ஒரு முறையேனும் அவனிடம் ஒரு கேள்வி கேட்டேனா? இல்லை. நான் கேட்காததை மாடியிலிருந்தவர்கள் கேட்டார்கள். நான் காத்திராததற்கு அவர்கள் மூன்று மாதம் காத்திருந்தார்கள்.

கேட்காமலே தீர்ப்பிடும் வழக்கம் நம்மோடு தொடங்கியதன்று. 1985 செப்டம்பர் 19 அன்று அமெரிக்க மேலவைக் குழு ஒன்று, இத்தகைய பாடல்களால் பிள்ளைகள் கெடுகிறார்கள் என்னும் முறையீட்டை விசாரித்தது. டீ ஸ்னைடர் என்னும் பாடகர், நீண்ட சடையும் கையில்லாச் சட்டையுமாகச் சாட்சி சொல்ல வந்தார். மூடரென்று எண்ணியிருந்தவர்கள் முன் அவர் முதலில் செய்தது தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டதுதான்: வயது முப்பது, மணமானவர், மூன்று வயது மகன் உண்டு, கிறிஸ்தவராகப் பிறந்து வளர்ந்து அவ்வாறே வாழ்பவர், புகையும் மதுவும் போதையும் அறியாதவர். விசாரணையின் விளைவாக இசைத்தட்டுகளில் பெற்றோருக்கான எச்சரிக்கை முத்திரை வந்தது. அது தவறென்று நான் சொல்லமாட்டேன். பெற்றோர் அறிந்துகொள்வது நல்லதே. ஆனால் முத்திரையைப் படிப்பது பிள்ளையைக் கேட்பதற்கு ஈடாகாது.

இதனால் இந்த இசை முழுவதும் நல்லதென்று நான் சான்றிதழ் தருவதாக எண்ணிவிட வேண்டாம். இருள் உண்டு, மெய்யான இருளும் உண்டு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நார்வே நாட்டில் இந்த இசையின் ஒரு பிரிவைச் சேர்ந்த சில இளைஞர், பழமை வாய்ந்த மரக்கோவில்களுக்குத் தீ வைத்தனர். 1992 ஜூன் 6 அன்று பெர்கன் நகரருகே ஃபான்டாஃப்ட் கோவில் சாம்பலாயிற்று. அதை எவரும் கலை என்று மன்னிக்க இயலாது. மாடியிலிருந்தோரும் மன்னிக்கவில்லை, நான் கேட்குமுன்னரே அவர்களே அதைச் சொல்லி வருந்தினர். வெறுப்பைப் போதிக்கும் பாடல்கள் சில உண்டு. நம் திரைப்பாடல்களிலும் அவை உண்டு என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

மறுபுறத்தையும் பாருங்கள். பிளாக் சாபத்துக்குப் பெரும்பாலான பாடல்வரிகளை எழுதிய கீசர் பட்லர் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர். இத்தாலியில் செசாரே போனிட்சி என்னும் கப்புச்சின் சபைச் சகோதரர், வெண்தாடியும் துறவற அங்கியுமாக 2008-இல் பெருங்கூட்டத்தின் முன் இவ்விசையைப் பாடினார்; புகழ் தம்மை மயக்குகிறது என்று கண்டு அடுத்த ஆண்டே விலகினார். இரண்டுமே நமக்குப் பாடம். நம் சென்னையிலேயே 'பிளட் கவனன்ட்' என்னும் குழு, இவ்விசையின் மிகக் கடுமையான வடிவில் கிறிஸ்துவைப் பாடியது. சிங்கப்பூரில் நம் தமிழ் வம்சாவளியினர் 1992-இல் தொடங்கிய 'ருத்ரா' குழு, அதே இசையில் வேதாந்தக் கருத்துகளைப் பாடுகிறது. பாத்திரம் ஒன்று, ஊற்றுவது அவரவர் உள்ளத்தில் உள்ளதை.

பெற்றோரின் கவலைக்கு மற்றொரு செய்தி. கலிபோர்னியாவின் ஹம்போல்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த உளவியலாளர், எண்பதுகளில் இவ்விசையில் மூழ்கியிருந்தவர்களை நடுவயதில் தேடிப் பிடித்து ஆராய்ந்து, 2015-இல் முடிவை வெளியிட்டனர். இளமையில் அவர்கள் துன்பங்களும் ஆபத்தான பழக்கங்களும் மிக்க வாழ்வையே கண்டிருந்தனர். ஆயினும் தம் இளமை மகிழ்ச்சியாகவே இருந்ததென்று மற்றவர்களைவிட மிகுதியாக உரைத்தனர். நடுவயதிலும் ஒப்பீட்டுக் குழுவினரைக் காட்டிலும் நன்கு நிலைபெற்றிருந்தனர். அவர்களைக் காத்தது எது? ஒத்த உள்ளத்தோரின் கூட்டுறவு அவர்களுக்குப் பாதுகாப்பாக அமைந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. அந்த மாடியில் நான் கண்டதும் அதுவே.

ஒன்றை மட்டும் பெற்றோர் கவனத்தில் கொள்க. அஞ்சவேண்டியது சட்டையையும் சத்தத்தையும் அன்று. பிள்ளை உறங்காமலிருந்தால், உண்ண மறுத்தால், முன்பு விரும்பியவற்றை எல்லாம் கைவிட்டால், வாழ்ந்து என்ன பயன் என்னும் பொருளில் பேசினால், அப்போது காலம் தாழ்த்தாதீர். கடிந்துகொள்ளாமல் அருகில் அமருங்கள். நல்ல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இது வெட்கப்படவேண்டிய நோயன்று.

மற்றப்படி, அந்த நான்கு கேள்விகளை நம் வீடுகளுக்கு இரவல் வாங்கிக்கொள்வோம். உன் பெயர் என்ன? (நண்பர்கள் அவனை என்ன பெயரிட்டு அழைக்கிறார்கள் என்று எத்தனை பெற்றோருக்குத் தெரியும்?) எப்போதிருந்து இதை விரும்புகிறாய்? முதலில் கேட்டது எது? உனக்கு அதைத் தந்தவர் யார்? நான்காம் கேள்வியே தலையாயது. பவுலடிகளார் கொரிந்தியருக்கு எழுதும்போது, தாம் பெற்றதையே அவர்களிடம் ஒப்படைத்ததாகக் கூறுகிறார். ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு வந்து சேர்வதே விசுவாசம். மாடியிலிருந்த பதினான்கு பேரில் ஒருவர்கூடத் தாமாக இந்த இசையைக் கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை. ஓர் அத்திம்பேர், ஓர் அண்ணன், ஒரு பெயரறியாப் பையன், ஒரு தந்தை. எதையும் அன்பு கொண்ட கை ஒன்று நீட்டும்போதே பிள்ளைகள் பெற்றுக்கொள்கிறார்கள். நம் செபமாலையும் அப்படித்தான் நம்மிடம் வந்தது.

அன்றிரவு பையனும் நானும் அடையாறிலிருந்து ஒரே பேருந்தில் திரும்பினோம். "அம்மாவிடம் நான் எதுவும் சொல்லப் போவதில்லை. அம்மா கேட்பார்கள், நீயே சொல்" என்றேன். மறுநாள் அத்தாயை அழைத்து, "சட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லாதீர்கள். அதை யாருக்காக வாங்கினான் என்று மட்டும் கேளுங்கள்" என்றேன்.

அடுத்த ஞாயிறு அவர் வந்தார். கண்கள் வீங்கியிருந்தன, முகம் தெளிந்திருந்தது. "சாமி, இருவரும் ஒரு மணிநேரம் அழுதோம். பிறகு ஆளுக்கு ஒரு பக்கம் காதில் வைத்துக்கொண்டு அந்தப் பாட்டைக் கேட்டோம். எனக்குத் தலைவலி வந்துவிட்டது. ஆனால் என் பிள்ளை இரவு பதினோரு மணிவரை பேசினான், சாமி" என்றார். இருவருடைய இசைவையும் பெற்றே இதை எழுதுகிறேன்.

அந்தப் பாடகர் குழுக் கிதார்க்காரருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அவரிடம், அன்றைய குருவின் சார்பாக நான் மன்னிப்புக் கேட்டேன். ஒத்திகை சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு என்றும் கூறினேன். "எந்தச் சட்டையில் வரலாம்?" என்று கேட்டார். "இருக்கும் சட்டையில்" என்றேன். இன்னும் வரவில்லை. ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறோம்.